வீட்டுச் சாட்சி

தோளுக்குத் தோள் பதினெட்டரை அங்குலம். தையலக்கா அளவு நாடாவைக் கணவரின் முதுகில் அழுத்திப் பிடித்துப் படித்தாள். படித்ததை நோட்டில் எழுதாமல் அப்படியே நின்றாள். டிரைவர் இரண்டு கையையும் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றிருந்தார். இருபத்தெட்டு வருஷம் பஸ் ஓட்டிய உடம்பு. வலது தோள் இடது தோளைவிட ஒரு விரல் கீழே இறங்கியிருக்கும். நாடா வைத்துப் பார்த்துத்தான் அதைத் தெரிந்துகொள்ள வேண்டுமா என்ன, அந்தக் கையோடுதானே இத்தனை காலம் குடும்பம் நடத்தியிருக்கிறாள்.

"முடிஞ்சுதா?" என்றார் அவர்.

"ஆடாம நில்லுங்க."

"நான் எங்க ஆடுறேன். எட்டு மாசமா ஆடுறதே இல்லையே."

சொல்லிவிட்டு அவரே சிரித்துக்கொண்டார். குடியை விட்ட பிறகு வந்த பழக்கம் இது, தன்னைத்தானே கிண்டல் செய்துகொள்வது. சபையில் எல்லோருக்கும் அது பிடித்துப்போயிருந்தது. அவளுக்கு மட்டும் கேட்கும்போதெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

ஞாயிற்றுக்கிழமை அவருக்கு ஞானஸ்நானம். இன்றைக்கு வியாழன் ஆகிவிட்டது, துணியில் இன்னும் கத்தரி படவில்லை. சபையில் யார் தண்ணீரில் இறங்கினாலும் வெள்ளை அங்கி தைத்துக் கொடுப்பது தையலக்காவின் பொறுப்பு. ஆரம்பத்தில் கடையில் வாங்கிய அங்கிதான் இருந்தது. ஒரு தடவை கனத்த உடம்புக்கார அம்மா ஒருத்தர் தொட்டியில் இறங்க, அங்கி காற்றடைத்த பலூன் மாதிரி இடுப்புக்கு மேலே கிளம்பிவிட்டது. பாஸ்டர் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு ஜெபித்தார். அன்றிலிருந்து கீழ் மடிப்புக்குள் நாலு பக்கமும் கனத்துக்கு இரும்பு வாஷர் வைத்துத் தைப்பது தையலக்காவின் கண்டுபிடிப்பு. இதுவரை நாற்பத்தொரு அங்கி தைத்திருக்கிறாள். ஒன்றுக்கும் இப்படி மூன்று நாள் துணியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்ததில்லை.

இத்தனைக்கும் இந்த நாளுக்காகத்தான் அவள் பதினேழு வருஷம் ஜெபித்தாள். புதன்கிழமைக் கூட்டத்தில் "வேண்டுதல் உள்ளவங்க சொல்லலாம்" என்று பாஸ்டர் சொல்லி முடிப்பதற்குள் பாதிப் பேர் அவள் பக்கம் திரும்பிவிடுவார்கள். என் வீட்டுக்காரர் இரட்சிக்கப்படணும், அவள் எழுந்து சொல்லுவாள். சொல்லிச் சொல்லி அது அவளுடைய விலாசம் மாதிரி ஆகிவிட்டது. பிறகு ஒரு நாள் காலை, முந்தின நாள் போதை தெளியாமல் வண்டியை எடுத்த டிரைவர், நிறுத்தத்தில் நின்ற ஒரு பெண்ணின் கைப்பையை உரசிக்கொண்டு போய் நிறுத்தினார். அரை அடி தள்ளியிருந்தால் அவள் சக்கரத்துக்குள் போயிருப்பாள். அந்தப் பெண் திட்டக்கூட இல்லையாம். பையைத் தட்டிவிட்டுக்கொண்டு, "ஏறலாமா?" என்று கேட்டாளாம். அந்த ஒரு வார்த்தையில் மனுஷன் உடைந்துவிட்டார். அந்த ஞாயிறு யாரும் கூப்பிடாமலே வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார். இரண்டாம் மாதம் ஜெபக்கூட்டத்தில் முழங்காலில் நின்று கொட்டித் தீர்த்தார். குடி, பொய், வாயைத் திறந்தால் வந்த கெட்ட வார்த்தை, மேலதிகாரி சட்டையைப் பிடித்தது, பெற்ற தாயைக் கடைசிக் காலத்தில் எட்டிப் பார்க்காதது. எல்லோரும் அழுதார்கள். தையலக்கா அழவில்லை. அவள் ஒரே ஒரு விஷயம் வருகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அது மட்டும் வரவில்லை.

அது நடந்தபோது மகளுக்குப் பதிமூன்று வயது. ஒரு விடுமுறை நாள் மத்தியானம் அப்பாவின் பாட்டிலைக் கழுவுதொட்டியில் கவிழ்த்துவிட்டாள். டிரைவர் பின்னால் வந்து, வலது கையால் ஒரே அறை. பிள்ளை சத்தம்கூடப் போடாமல் கழுவுதொட்டி விளிம்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தது. இடது காதிலிருந்து ஒரு கோடு ரத்தம். தையல் மெஷினில் உட்கார்ந்திருந்த தையலக்கா மிதியிலிருந்து காலை எடுக்கக்கூட இல்லை, அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் டாக்டர் எப்படி அடிபட்டது என்று கேட்டபோது, "படிக்கட்டுல விழுந்துட்டா" என்று அவள்தான் சொன்னாள். போலீஸ் அவரை உள்ளே தூக்கி வைத்துவிட்டால் வீடு என்னாவது என்ற பயம். அந்தக் காது அதோடு போயிற்று.

அதை அவர் பாஸ்டரிடம் சொல்லவில்லை. மாறாக, போன வாரம் சாப்பிட்டுக் கைகழுவும்போது, "பழசையெல்லாம் கர்த்தர் மன்னிச்சுட்டாரு. நினைச்சா நெஞ்சு லேசா இருக்கு" என்றார். அவளுக்குக் கையிலிருந்த தட்டை அவர் தலையில் போடலாமா என்றிருந்தது. கர்த்தருக்கு என்ன, ஒரே வார்த்தையில் மன்னித்துவிட்டார். அவருக்கா காது போயிற்று? பதினேழு வருஷம் வெயிலில் வரிசையில் நின்றவள் நிற்க, கடைசியில் வந்த ஆள் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டு நெஞ்சு லேசாக இருக்கிறது என்கிறார். இப்படியெல்லாம் நினைப்பது பாவம் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் நினைப்பு நிற்கவில்லை.

அங்கி தைக்காமல் விட்டால்கூட இன்னொரு பழைய அங்கி கிடைக்கும். ஆனால் அவள் செய்யவேண்டிய வேறொரு வேலை இருந்தது, அதை அவளைத் தவிர யாரும் செய்ய முடியாது. அந்தச் சபையில் ஒரு வழக்கம். ஆள் தொட்டியில் இறங்கி நின்ற பிறகு, முழுக்குவதற்கு முன்னால் பாஸ்டர் சபையைப் பார்த்து, "இந்த வீட்டிலிருந்து சாட்சி உண்டா?" என்று கேட்பார். வீட்டு ஆள் ஒருவர் எழுந்து, இவரிடம் மாற்றத்தைப் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும். சொன்னால்தான் முழுக்கு. "சபையில நடிச்சிடலாம். வீட்டுல எத்தனை நாளைக்கு நடிப்பீங்க?" என்பார் பாஸ்டர். ஒரு தடவை ஒரு கல்லூரிப் பையனின் அம்மா எழுந்து, "இன்னும் பொய் சொல்றான் ஐயா" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாள். அவன் நனைந்த அங்கியோடு ஏறிப்போய் ஒரு வருஷம் காத்திருந்தான்.

டிரைவருக்கு வீட்டுச் சாட்சி தையலக்கா. எழுந்திருக்காமல் உட்கார்ந்துவிடலாம். அல்லது எழுந்து, எல்லாம் சொன்னாரு ஐயா, ஒண்ணை மட்டும் மறைச்சுட்டாரு என்று போட்டு உடைத்துவிடலாம். வியாழக்கிழமை பூராவும் அதை மனதுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். சொல்லும்போதெல்லாம் இன்னொரு பழைய விஷயம் உள்ளே நெருடியது. அது வேறு, அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று ஒதுக்கி வைத்தாள்.

வெள்ளிக்கிழமை மகளைப் பார்க்கக் கிளம்பினாள். மகள் கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறாள், தோழி ஒருத்தியோடு தனியாக அறை எடுத்து ஐந்து வருஷமாகிறது. மாதம் ஒரு தடவை போன் செய்வாள். நல்லா இருக்கியா, நல்லா இருக்கேன், மருந்து சாப்பிடுறியா, சாப்பிடுறேன். சபைக்கு வருவதைப் பதினெட்டு வயதிலேயே நிறுத்திவிட்டாள். தகப்பன் மேலுள்ள கசப்பு என்று தையலக்கா எல்லோருக்கும் சொல்லிவைத்திருந்தாள். மகள் ஒரு வார்த்தை, வேண்டாம்மா, சாட்சி சொல்லாதே என்று சொல்லிவிட்டால் போதும். ஞாயிற்றுக்கிழமை நெஞ்சு நடுங்காமல் உட்கார்ந்திருக்கலாம்.

கடையில் கூட்டமில்லை. மகள் மேசைக்குப் பின்னாலிருந்து அவளைப் பார்த்து ஆச்சரியப்படவில்லை. "கண்ணாடி லூசாயிடுச்சு, கீழ கீழ எறங்குது" என்று தையலக்கா தன் கண்ணாடியைக் கழற்றி நீட்டினாள். உண்மைதான், ஆனால் அதற்காக இரண்டு பஸ் மாறி யாரும் வரமாட்டார்கள். மகள் கண்ணாடிக் காலைச் சூட்டில் காட்டி, லேசாக வளைத்து, அம்மாவின் முகத்தில் மாட்டிப் பார்த்தாள். மறுபடி கழற்றி வளைத்தாள். வேலையில் கெட்டிக்காரி. தையலக்கா மேசையோரமாக நகர்ந்து அவள் பக்கத்தில் நின்றுகொண்டாள்.

"ஞாயித்துக்கிழமை அப்பாவுக்கு ஞானஸ்நானம்."

மகள் நிமிரவில்லை. தையலக்கா இன்னொரு தடவை சொன்னாள். அப்போதும் நிமிரவில்லை. பிறகு ஏதோ உணர்ந்தவள்போலத் திரும்பி, "என்னம்மா?" என்றாள்.

மூன்றாவது தடவை சொன்னாள்.

"தெரியும். சொன்னாரு."

"யாரு சொன்னா?"

"அப்பாதான். நாலு மாசத்துக்கு முன்னாடி இங்க வந்தாரு." மகள் நாற்காலியை இழுத்து அம்மாவை உட்கார வைத்து, கண்ணாடியை மாட்டி, இரண்டு காதுக்கும் பின்னால் விரலை விட்டு அழுத்திப் பார்த்தாள். "இங்க வலிக்குதா?"

"இல்லை. எதுக்கு வந்தாரு?"

"மன்னிப்பு கேக்க. நீ இப்ப நின்ன இடத்துல நிக்கலை, சுத்தி வந்து வலது பக்கம் நின்னுதான் பேசினாரு. எந்தக் காதுன்னு அவருக்கு ஞாபகம் இருந்துச்சு. நான்தான் அடிச்சேன், நான்தான் கெடுத்தேன், உன்கிட்ட கேக்காம தண்ணியில எறங்க மாட்டேன்னாரு. அழலை. அழுதிருந்தா வெளிய போகச் சொல்லியிருப்பேன்."

"நீ என்ன சொன்னே?"

"மன்னிச்சேன்னெல்லாம் சொல்லலை. கேட்டுட்டீங்க, போங்கன்னு சொன்னேன். அப்புறம் மாசா மாசம் வராரு. கண்ணாடி தொடைக்கிற துணி ஒண்ணு வாங்கிட்டுப் போவாரு. அவர் கண்ணாடியே போடுறதில்லை."

"அப்போ ஏன் அதை ஐயாகிட்ட சொல்லலை? எல்லாத்தையும் சொன்னவரு இதை மட்டும் ஏன் மறைச்சாரு?"

மகளின் விரல் அவள் காதுக்குப் பின்னாலேயே நின்றது. "உனக்குத் தெரியலையாம்மா?"

தெரிந்தது. ஒதுக்கி வைத்தது எழுந்து வந்து முன்னால் நின்றது.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மூன்றாம் ஞாயிறு, பிள்ளைக்கு அடிபட்டதாமே என்று கேள்விப்பட்ட பாஸ்டர், சாட்சி சொல்ல அவளை முன்னால் அழைத்தார். இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு வந்துவிடலாம் என்றுதான் போனாள். மைக்கைக் கையில் வாங்கியதும் நாக்கு தன் பாட்டுக்கு ஓடியது. பதினாலு படி ஐயா, உருண்டு வந்தா, சிமெண்ட் தரையில தலை மோதுற நேரம் கர்த்தருடைய கரம் வந்து தாங்கினது. அவர்கள் குடியிருந்த வீட்டில் வாசலுக்கு மொத்தமே மூன்று படி. சபை எழுந்து நின்று கை தட்டியது. மகள் இரண்டாவது வரிசையில் காதில் பஞ்சோடு உட்கார்ந்திருந்தாள். அதன் பிறகு அது பாஸ்டருடைய பிரசங்கத்துக்குப் போய்விட்டது. வருஷத்துக்கு இரண்டு தடவையாவது அந்தப் பதினாலு படி வரும். சின்னப்பிள்ளைகள் சபையின் ஞாயிறு வகுப்பில் அதைப் படமாகக்கூட வரைந்தார்கள்.

"அப்பா அடிச்சது ஒரு நாள்," என்றாள் மகள். குரலை உயர்த்தவில்லை, வாடிக்கையாளருக்கு விளக்குவது போலத்தான் சொன்னாள். "நீ சொன்னது அஞ்சு வருஷம் நடந்துச்சும்மா. ஐயா படிக்கட்டுன்னு ஆரம்பிச்சாலே எல்லாரும் என்னைத் திரும்பிப் பாப்பாங்க. நான் சிரிக்கணும். ஒரு தடவை சிரிக்காம இருந்தேன், வீட்டுக்கு வந்து நீ திட்டினே. எனக்குக் கேக்காம போனது ஒரு காதுதான். இன்னொண்ணுல எல்லாம் கேட்டுச்சு."

தையலக்கா அப்போதே மன்னிப்பு கேட்டிருக்கலாம். வந்து நின்ற வார்த்தை அதுதான், தொண்டைவரை வந்தது. ஆனால் இருபது வருஷமாகச் சபையில் மற்றவர்களுக்காகக் கேட்டுப் பழகிய வாய், தனக்காக என்று வரும்போது வழி தெரியாமல் விழித்தது. "இப்ப சரியா இருக்கு. எறங்கலை" என்று கண்ணாடியைத் தொட்டுக் காட்டிவிட்டு எழுந்தாள்.

சனிக்கிழமை சாயங்காலம் அங்கி தைத்து முடிந்திருந்தது. டிரைவர் வாசலில் உட்கார்ந்து செருப்பைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவள் கதவு நிலையில் சாய்ந்து நின்று, "அவகிட்ட போனீங்களாமே" என்றாள்.

அவர் துணியை மடித்து வைத்தார். "போனேன்."

"என்கிட்ட ஏன் சொல்லலை?"

"சொன்னா நீ சங்கடப்படுவே."

"ஐயாகிட்டயும் சொல்லலையே."

"அது உன் சாட்சி. நான் எப்படி அதுல கை வைக்கிறது? நான் பண்ணினதைச் சொன்னா நீ சொன்னது பொய்யாயிடும். ஊரெல்லாம் உன்னை ஒரு மாதிரி பாக்கும். என்னாலதான் நீ அந்தப் பொய்யைச் சொல்ல வேண்டி வந்துச்சு. அதையும் என் கணக்குலயே வெச்சுக்கோன்னு கர்த்தர்கிட்ட சொல்லிட்டேன்." கொஞ்சம் நிறுத்தி, "ஆனா உறுத்துதுதான். மறைச்சுக்கிட்டு எறங்குறதா, எறங்காம இருக்கிறதான்னு தெரியலை. நீ சொல்லு. வேணாம்னா ஐயாகிட்ட உடம்பு சரியில்லைன்னு சொல்லிடுறேன்."

"அதுவும் பொய்தானே" என்றாள் அவள்.

அவள் உள்ளே போய், தைத்து முடித்த அங்கியை மறுபடி ஒரு தடவை தேய்த்தாள். இத்தனை நாள் அவர்மேல் இருந்த கோபம் எவ்வளவு சௌகரியமாக இருந்தது என்று அவளுக்கு அப்போது புரிந்தது. சாய்ந்துகொள்ள ஒரு சுவர் மாதிரி இருந்தது அது. இப்போது அவளுக்கு வெறும் பயமாக இருந்தது. அவள் தையல் சிஸ்டர். மாதர் கூட்டத்துக்குத் தலைவி. புதிதாக வருகிற பெண்களை, மனந்திரும்புதல்னா என்னன்னு அக்காகிட்ட கேளுங்க என்று பாஸ்டரம்மா அவளிடம்தான் அனுப்பி வைப்பாள். அவளும் மணிக்கணக்காகச் சொல்லிக்கொடுப்பாள்.

சபை கூடும் இடம் ஒரு காலத்தில் ஓடு, பளிங்குக்கல் அடுக்கி வைத்த கிடங்கு. முன்பக்கம் மேடையை ஒட்டி நீல நிறத் தொட்டி, ஏறி இறங்க மரப்படி. விடியற்காலையிலிருந்து குழாய் போட்டு நிரப்பியிருந்தார்கள். அன்றைக்கு மூன்று பேர். முதலில் ஒரு நர்ஸ். அவள் தங்கை எழுந்து, "முன்ன என் துணியைக் கேக்காம போட்டுப்பா, இப்ப கேட்டுட்டுப் போடுறா" என்று சாட்சி சொல்ல, சபை சிரித்தது. அடுத்து ஒரு வயதான மெக்கானிக். மூன்றாவதாக டிரைவர் இறங்கினார். தண்ணீர் அவருக்கு இடுப்புக்குக் கொஞ்சம் மேலே வந்தது. பாஸ்டர் அவர் தோளில் கை போட்டுக்கொண்டு சபையைப் பார்த்துச் சிரித்தார். பதினேழு வருஷ வேண்டுதல் என்று அவர் சொல்லத் தேவையே இல்லை. எல்லாத் தலையும் ஏற்கெனவே தையலக்கா பக்கம் திரும்பியிருந்தது.

"இந்த வீட்டிலிருந்து சாட்சி உண்டா?"

அவள் எழுந்தாள். யாரோ மைக்கைக் கையில் கொடுத்தார்கள். தொட்டிக்கு இரண்டு அடி முன்னால் போய் நின்றாள். டிரைவர் அவளைப் பார்க்காமல் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாறிட்டாரு ஐயா. நான் பாத்தேன்."

ஸ்தோத்திரம் என்று நூறு குரல் எழுந்தது. பாஸ்டர் ஒரு கையை டிரைவரின் முதுகிலும் ஒரு கையை நெஞ்சிலும் வைத்தார்.

"கொஞ்சம் இருங்க ஐயா. நான் இன்னும் முடிக்கலை."

பாஸ்டர் சிரித்த முகத்தோடு நிமிர்ந்தார்.

"என் பொண்ணு படிக்கட்டுல விழலை. எங்க வீட்டுல பதினாலு படியே கிடையாது, மூணுதான். இவர் அடிச்சாரு. அதுலதான் காது போச்சு. நான் பக்கத்துல உக்காந்து பாத்துக்கிட்டு இருந்தேன். ஆஸ்பத்திரியில பொய் சொன்னேன். அப்புறம் இங்க வந்து, இதே மைக்குல, கர்த்தர் பேரைச் சேத்துச் சொன்னேன். நீங்கல்லாம் கை தட்டினீங்க."

பாஸ்டரம்மா எழப் பார்த்து உட்கார்ந்தாள். "சிஸ்டர், நீங்க உக்காருங்க, அப்புறமா பேசிக்கலாம்" என்றார் பாஸ்டர், தணிந்த குரலில். அவர் முகத்தில் ஈயாடவில்லை. பாவம், அந்தப் பதினாலு படியை அவர் எத்தனை ஊரில் போய்ச் சொல்லியிருக்கிறாரோ.

தையலக்கா உட்காரவில்லை. "இவர் அவகிட்ட போய் மன்னிப்பு கேட்டுட்டாரு ஐயா" என்றாள். அடுத்ததைச் சொல்ல மைக் வேண்டாம் என்று தோன்றியதோ என்னவோ, அதைக் கீழே இறக்கிக்கொண்டாள். "நான் இன்னும் கேக்கலை."

முன்வரிசையில் இருந்தவர்களுக்கு மட்டும்தான் அது கேட்டது. பின்னால் என்ன, என்ன என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டார்கள். இப்போது யாராவது கையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டால் நன்றாக இருக்கும் என்று அவளுக்கு இருந்தது. யாரும் வரவில்லை.

தொட்டிக்குள் தண்ணீர் அசைந்தது. டிரைவர் தன் நெஞ்சிலிருந்த பாஸ்டரின் கையை மெதுவாக எடுத்து விட்டுவிட்டு, மரப்படியைப் பிடித்து ஏறினார். முழுகாத தலை காய்ந்திருந்தது, இடுப்புக்குக் கீழே சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. இறங்கி வந்து மனைவியின் பக்கத்தில், சபையைப் பார்த்தபடி நின்றார். அவர் அங்கியிலிருந்து வடிந்த தண்ணீர் அவள் செருப்பைச் சுற்றிக்கொண்டு, வழவழத்த தரையில் முன்வரிசையை நோக்கி ஓடியது. பெண்கள் கைப்பைகளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார்கள். தொட்டிக்குள் பாஸ்டர் மட்டும் இடுப்பளவு தண்ணீரில், இரண்டு கையையும் எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றிருந்தார்.